கூரைப்பாலத்து அக்கா

பாரிஸில், ரூ காய் என்கிற தெருவில் இன்றைக்கு நீங்கள் வரிசையில் நின்று கொத்துரொட்டி வாங்குகிற உணவகம், நான் வந்த காலத்தில் பூட்டிக் கிடந்த ஒரு செருப்பு, சப்பாத்துக் கடை. அங்கே சமைத்தால் புகை வீட்டுக்குள் வரும் என்று மேல்மாடிக்காரர் எல்லோரும் சேர்ந்து கையெழுத்து வைத்து மனுக் கொடுத்தார்கள். நான் பின்பக்கச் சுவரோடு, கட்டடத்தின் உச்சிக்கும் மேலே போகிற மாதிரி ஒரு புகைக்குழாய் ஏற்றினேன். அது இன்னும் நிற்கிறது, போய் அண்ணாந்து பாருங்கள். ரூ பிலிப்-து-ஜிராரில் மரக்கறிக் கடை திறந்தபோது, பாரிஸில் ஆர் முருங்கைக்காய் தின்னப் போகிறான் என்று என் சொந்த மச்சானே சிரித்தான். முதல் பெட்டி மத்தியானத்துக்குள் முடிந்தது. மார்க்ஸ் டோர்மோயில் வாடகைக்கு ஒரு அறை கிடைக்காமல் அலைந்தவன், அதே தெருவில் வீடு வாங்கினேன். தேர்த்திருவிழாவுக்கு எங்கள் தெருவில் முதலில் தண்ணீர்ப்பந்தல் போட்டவன் நான். மோர் ஊற்றினது என்னுடைய மனிசி. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடத்தைக் கண்டதில்லை. பிரெஞ்சில் எனக்கு முதலில் விளங்கிய சொல் 'நோன்', அதாவது இல்லை. அதை ஒவ்வோர் அலுவலகத்திலும் எனக்கு ஓசியில் சொல்லித் தந்தார்கள்.

இவ்வளவும் கட்டினேன். இதோடு சேர்த்து ஒரு பாலமும் கட்டினேன். அதைத்தான் மறைத்துவிட்டார்கள்.

இந்தப் பகுதிக் கடைக்காரர் எல்லோரும் காசு போட்டு, லாச்சப்பல் தமிழரின் வரலாறு என்று ஒரு மலர் வெளியிட்டிருக்கிறார்கள். தொகுத்தவர் எங்கள் மாஸ்டர். ஊரில் படிப்பித்தவர், இங்கேயும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர், என் கடையில் தேத்தண்ணீர் குடித்தே நரைத்தவர். அவர் எழுதியிருக்கிறார்: புல்வார் பெருந்தெருவுக்கு மேலே கூரை போல மெத்ரோ ரயில் ஓடுவதால், கார் து நோர் நிலையத்து ரயில் பாதைகளைக் கடக்கிற பாலத்தைத் தமிழர் இயல்பாகவே கூரைப்பாலம் என்று அழைக்கத் தொடங்கினர்.

இயல்பாகவே. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் பேனையைக் கையில் எடுத்தேன். இயல்பாக இந்தத் தெருவில் மழை மட்டுந்தான் வந்தது. மற்ற எல்லாவற்றையும் ஒருவர் கொண்டுவந்தார். கூரைப்பாலத்தைக் கொண்டுவந்தது ஓர் அக்கா.

அவர் என் சமையலறைக்கு வேலை கேட்டு வந்த நாளில் நல்ல மழை. குடை இல்லை, ஆனால் தலை நனையவில்லை, தோள் மட்டும் நனைந்திருந்தது. பார்பெஸ் பக்கம் இருந்து நடந்து வந்தாராம்.

"என்னெண்டு அக்கா நனையாமல் வந்தனீங்கள்?"

"பாதி வழிக்குப் பாலத்துக்குள்ளாற வந்தேன் தம்பி."

பேச்சைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, மலைநாட்டு ஆள். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அங்கே அடித்து விரட்ட வன்னிக்கு வந்து, வன்னியிலிருந்தும் ஓடி இங்கே வந்தவர். இதை நான் துண்டு துண்டாகப் பொறுக்கினேன். அவர் சொல்லமாட்டார். எதைக் கேட்டாலும் கதை பாலத்துக்குத்தான் போகும். எத்தனை பிள்ளைகள் என்று என் மனிசி கேட்டதற்கு, "எங்க பக்கம் புள்ளத்தாச்சிய ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுன்னா பாலத்தத் தாண்டணும்க்கா" என்று தொடங்கி, பாலத்தின் கைபிடி மரம் எந்த மரம் என்பதில் கொண்டுபோய் முடித்தார். பிள்ளைக் கணக்கு இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அது மரப்பாலம். ஆற்றுக்கு மேலே, இரண்டு கரைக்கும் நடுவில், ஒரு வீட்டை நீட்டி வைத்த மாதிரி. இரண்டு பக்கமும் பலகைச் சுவர், மேலே ஓடு போட்ட கூரை. கோடையில் ஊரே அதற்குள் போய்ப் படுக்குமாம். கீழே தண்ணீர் போகிற சத்தம் முதுகில் கேட்குமாம். கண்ணை மூடினால் பாலம் நகர்கிற மாதிரி இருக்குமாம், மலையெல்லாம் தாண்டி எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருமாம். அக்கா இதைச் சொல்லும்போது கையில் இருக்கிற வெங்காயம் பாதியில் நிற்கும். நானும் நிற்பேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகையும்.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். எங்களுக்கு ஆறே இல்லை. மழைக்காலத்தில் வழுக்கியாற்றில் நாலு நாள் தண்ணீர் ஓடினால் அதை ஆறு என்கிறவர்கள். மதகுக்கும் பாலம் என்றுதான் பேர். பாலத்துக்குக் கூரை என்றால் நம்புவோமா?

"அக்கை, வீட்டுக்குக் கூரை போடக் காசில்லாமல் சனம் கிடக்குது. பாலத்துக்கு ஆரணை கூரை போட்டது?" என்பார் மாஸ்டர், தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டு.

"மரம் நனைஞ்சா உக்கிரும். மனுசன் நனைஞ்சா காய்ஞ்சிருவான். மரத்துக்குப் போட்டதுங்க கூரை."

"சரி, ஆர் கட்டினது?"

"அந்தக் காலத்து ராசா."

"போன கிழமை வெள்ளைக்காரத் துரை எண்டியள்."

"ராசா கட்டுனது ஆத்துல போயிருச்சு, தொர கட்டுனாரு. தொர கட்டுனதும் போயிருச்சு, எங்க ஆளுங்களே காட்டுல மரம் வெட்டிக் கட்டுனாங்க. ஆறு ஒருக்கா வந்திட்டுச் சும்மா இருக்குமா?"

கடை முழுக்கச் சிரிக்கும். அக்காவும் சிரிப்பார். எனக்கு அப்போதே அந்தப் பதில் பிடித்துப் போனது. விழ விழக் கட்டினவர்கள் என் சாதிக்காரர். நான் சொல்வது தொழில் சாதி.

அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வேலைக்கு வரும்போது அந்த ரயில்பாதைப் பாலத்தின் வாசலில் நிற்பார். மேலே இரும்புத் தூண்களில் மெத்ரோ, கீழே கார் து நோருக்குப் போகிற, வருகிற ரயில்கள், நடுவில் ஆட்கள் நடக்கிற பாதை. காலை வைக்க முன்னர், "வர்றேங்க" என்று ஒரு குரல் கொடுப்பார். சத்தமாக. கொஞ்சம் காது கொடுத்து நிற்பார். பிறகுதான் நடப்பார். சிகரெட் விற்கிற பெடியள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் இருந்து வருகிற வெள்ளைக்காரக் கிழவி தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து 'பொன்ஷூர்' என்று வணக்கம் சொல்வாள். அக்கா அதற்கும் தலையாட்டுவார்.

ஏன் இப்படி என்று கேட்டேன். அவர்களுடைய பாலம் உள்ளே இருட்டு, ஒடுக்கம். கொழுந்துக்கூடையோடு இரண்டு பேர் நடுவில் சந்தித்தால் விலக முடியாது. ஆகவே வாசலில் நின்று வர்றேங்க என்று சொல்ல வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் "நில்லுங்க" என்று குரல் வரும். அக்கரையில் ஆள் காத்து நின்றால் "வாங்க" என்று வரும். ஒருவரும் இல்லையென்றால் பாலமே உங்கள் குரலைத் திருப்பித் தரும். இந்த மூன்று சொல்லுக்கு வேறாக ஒரு சொல்லை அந்தப் பாலத்தில் ஒருவரும் பேசியதில்லையாம்.

"இஞ்சை அகலமான பாலம் அக்கா. லொறியே போகுது."

"தெரியும் தம்பி. பழக்கம்."

கூரை இருந்தால் போதும் அவருக்கு. மெத்ரோ மேலே போகிற சத்தத்தை ஓட்டில் மழை விழுகிற சத்தம் என்பார். கீழே ரயில் போவதைக் கம்பிக்குள்ளால் பார்த்துக்கொண்டு, "இது வத்தாத ஆறு" என்பார். ஒருநாள் மாலை நானும் கூட நின்று பார்த்தேன். தண்டவாளமெல்லாம் மழையில் நனைந்து, சிக்னல் வெளிச்சம் சிவப்பாகவும் பச்சையாகவும் அதில் நெளிந்துகொண்டிருந்தது. ஒரு நீள ரயில் மெதுவாக வந்தது, சன்னல் சன்னலாக. எனக்கும் ஒரு கணம் பாலம் நகர்கிற மாதிரித்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

பிறகு அந்தப் பெடியன் வந்தான். மலைநாட்டில் அதே பள்ளத்தாக்குப் பெடியன், படிக்க வந்தவன், சாப்பாட்டுக்கு என் கடைக்கு வந்தான். ஊர்ப் பெயரைச் சொன்னதும் மாஸ்டர் விட்டுவிடவில்லை. அக்காவை உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"அக்கை, ஓடியாங்கோ. சாட்சி வந்திருக்கு."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்ததை அதற்கு முதல் நான் காணவில்லை. தோட்டத்தின் பெயர் சொன்னார், கோயில் சொன்னார், லயத்துக்குப் பின்னால் நிற்கிற பலாமரம் சொன்னார். பெடியன் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றான்.

"அப்ப அந்தப் பாலம்?"

"பாலம் இருக்குங்க. சிமெண்டுப் பாலம். பஸ்ஸு போகும்."

"அதுக்கு முன்னாடி, கூரையோட."

பெடியன் யோசித்தான். நல்ல பெடியன், பொய் சொல்லத் தெரியவில்லை. "அப்படி யாரும் சொன்னதில்லீங்களே. பெரியவங்ககூடச் சொன்னதில்ல" என்றான்.

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் கூடத் தேத்தண்ணீருக்குள் பார்த்தார். அக்கா, "நீங்க அப்பப் பொறந்திருக்கமாட்டீங்க" என்று சொல்லி, அவனுடைய தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் அக்கா முழுக்க நனைந்து வந்தார். அதற்கடுத்த நாளும். பாலத்தால் வராமல் பின்தெருக்களால் சுற்றி வருகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"பாலம் இருக்கேக்கை ஏன் அக்கா நனையிறியள்?"

"அது ரயில் பாலம் தம்பி" என்றார்.

இவ்வளவு காலமும் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் சொன்னார்.

கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், வெங்காயம் உரித்தபடி தானாகவே சொன்னார். அதற்கு முன்னும் சொல்லவில்லை, பின்னும் சொல்லவில்லை.

பல நாள் மழை. ஆறு பாலத்தின் பலகையைத் தொடுகிற மட்டுக்கு வந்துவிட்டது. அக்கா அப்போது இளம் பெண். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார். வாசலில் நின்று வர்றேங்க என்று குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. நில்லுங்க என்று இல்லை. வாங்க என்றும் இல்லை. "வராதீங்க" என்றது.

"அந்தப் பாலத்துல அப்பிடி ஒரு சொல்லை யாரும் சொன்னதே இல்ல தம்பி. அதனாலதான் கால் நின்னுச்சு. நில்லுங்கன்னிருந்தா, சரி யாரோ வாராங்கன்னு வாசப்படியில ஏறி ஒதுங்கியிருப்பேன்."

ஏறியிருந்தால் அவரும் போயிருப்பார். பாலம் ஒரு முறை முனகியது. பிறகு தூண் எல்லாம் கீழே போக, மேல்கூரை மட்டும் தண்ணீரில் இருந்தது. "ஒரு ஓடுகூட ஒடையல. வீடு ஒண்ணு கோவிச்சுக்கிட்டு நடந்து போற மாதிரி, நேராப் போச்சு. முகட்டுல குருவிக் கூடு. குருவி சுத்திச் சுத்திக் கூடவே பறந்து போகுது." வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாராம். அது கடலுக்குப் போயிருக்கும், எங்கேயோ கரை இல்லாமல் ஒரு பாலம் மிதந்துகொண்டிருக்கும், அதற்குள் ஒரு துளி மழை விழாது என்றார். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. வெங்காயம் உரிக்கிறவரின் கண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது வேறு கதை.

"ஆர் அக்கா அந்தக் குரல்?"

"தெரியாது. எங்க லயத்துல யாரும் குறையல. வெளியூரு ஆளோ, நடந்து போறவரோ, மழைக்கு ஒதுங்குனவரோ. ஆம்பளக் கொரலு. அவ்வளவுதான்." கத்தியைக் கீழே வைத்தார். "பாலம் இருந்திச்சின்னு யாரும் நம்பலன்னாப் பரவால்ல தம்பி. ஆனா பாலம் இல்லேன்னா அந்தக் கொரலும் இல்லேன்னு ஆயிரும்ல. அப்ப நான் யாரு சொல்லி நின்னேன்?"

எனக்குப் படிப்பு இல்லை. படித்தவனாக இருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். நான் சொன்னது இதுதான்: "நாளைக்குப் பார்பெஸ் சந்தையிலை கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வாங்கோ. சுத்தி வராதேங்கோ, இலை வாடிப்போகும். நேரா வாங்கோ."

மறுநாள் காலை, கடையை மனிசியிடம் விட்டுவிட்டுப் போய்ப் பாலத்தின் இந்தப் பக்கத்து முனையில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஆருக்காகவும் காத்து நிற்கிற ஆள் இல்லை. எனக்காகத்தான் வங்கிக்காரன் காத்து நின்றிருக்கிறான். அன்றைக்கு நின்றேன். அக்கா அந்த முனையில் வந்தார், கையில் பச்சையாக ஒரு கட்டு. வாசலில் நின்றார். குரல் கொடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே ஒரு மெத்ரோ போய் முடிந்தது. கீழே ஒரு ரயில் போய் முடிந்தது. இரண்டும் இல்லாத ஒரு சின்ன இடைவெளி வந்தது.

இளமையில் கரையில் நின்று மீன் ஏலம் கூறின தொண்டை என்னுடையது. இரண்டு கையையும் வாயில் குவித்து, "அக்கா, வாங்கோ" என்று விட்டேன்.

அவர் கேட்காமலே நான் பதில் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்தார். அவ்வளவு தூரத்திலும் அவருடைய உடம்பு நிமிர்ந்தது தெரிந்தது. கொஞ்சம் பிந்தி, மெல்லிசாக, "வர்றேங்க" என்று வந்தது. பிறகு அவரும் வந்தார், நனையாமல்.

கொத்தமல்லியை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "எங்க பாலத்துல வாங்கோன்னு சொல்றதில்ல தம்பி. வாங்கன்னுதான்."

"எனக்கு இப்பிடித்தான் அக்கா வரும்."

"பரவால்ல. பாலம் வெளங்கிக்கும்."

அந்தக் கிழமையே மரக்கறிக் கடைக்குப் பை அடிக்கக் கொடுத்தேன். அச்சடிக்கிறவன் விலாசம் கேட்டான். கூரைப்பாலத்துக்குக் கிட்ட என்று போடச் சொன்னேன். மாஸ்டர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐசே, லாச்சப்பலிலை எங்கையடாப்பா கூரைப்பாலம்?"

"தெரியாட்டி வந்து கேளுங்கோ மாஸ்டர். கேக்க வாற சனம் ஒரு கட்டுக் கீரையும் வாங்கும்."

"உம்மடை மண்டைக்கும் ஒரு கூரை போடும்."

ஆட்கள் வந்து கேட்டார்கள். கேட்டவர்களைப் பாலத்துக்கு அனுப்பினேன். பை பாரிஸ் முழுக்க, சுற்றுப்புற ஊரெல்லாம் போனது. புடவைக் கடைக்காரரும் தன் விளம்பரத்தில் அப்படியே போட்டார், என்னிடம் கேட்காமல். நான் பொறுத்துக்கொண்டேன். இன்றைக்கு இங்கே பிறந்த என் பேத்தி பிரெஞ்சில் கதைத்துக்கொண்டே போகிறாள், நடுவில் சந்திப்புக்கு ஒரு 'ரொந்தெவு', பிறகு கூரைப்பாலம் என்கிறாள். அந்தச் சொல்லுக்கு மட்டும் அவளுடைய வாய் தமிழுக்குத் திரும்புகிறது.

அக்கா வயது போய், பிரான்சின் தெற்குப் பக்கம் மருமகளோடு இருக்கப் போன நாளில், காரில் விடுகிறேன் என்றேன். அக்கா கேட்கவில்லை. பாலத்தால் நடந்து போய் அங்காலே மெத்ரோ ஏறுகிறேன் என்றார். பெட்டியை நான் தூக்கினேன். வாசலில் நின்று, பழையபடி, "வர்றேங்க" என்றார். நான் பக்கத்தில் நின்றேன், பதில் சொல்ல அக்கரையில் ஆள் இல்லையே என்று நினைத்தேன். அந்த முனையில் வான் வண்டியிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவன், திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஓம், வாங்கோ வாங்கோ" என்றான். எனக்கு அவனைத் தெரியாது. அக்கா என்னைப் பார்த்தார். பாலத்தில் கால் வைத்தார்.

சில வருடம் கழித்து அவர் காலமான செய்தி தொலைபேசியில் வந்தது.

அக்காவின் ஊருக்கு நீ ஒருமுறை போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். விமானச் சீட்டு எனக்குப் பெரிய காரியமில்லை. போகவில்லை. அங்கே ஒரு தூணின் அடிக்கட்டைகூட இல்லையென்றால் நான் எதிர்ப்பக்கச் சாட்சியாகிவிடுவேன். அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல நான் சீட்டு வாங்கமாட்டேன்.

மாஸ்டர், இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். எழுத்துப்பிழை திருத்துங்கள், சொன்னதைத் திருத்தாதீர்கள். மலரை மறுபடி அச்சடிக்கும்போது 'இயல்பாகவே' என்ற சொல்லை எடுத்துவிட்டு, கூரைப்பாலத்தை லாச்சப்பலுக்குக் கொண்டுவந்தவர் மலைநாட்டு அக்கா ஒருவர் என்று போடுங்கள். அவருடைய பெயரைப் போட வழியில்லை. கடவுச்சீட்டில் இருந்தது வேறொருத்தியின் பெயர், சொந்தப் பெயரை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை, அக்கா என்றே கூப்பிட்டுவிட்டோம்.

ஆனால் அவருக்கு இக்கரையிலிருந்து முதலில் வாங்கோ என்று சொன்னவன் நான். அதை என் முழுப் பெயரோடு, தகப்பன் பெயரோடு, பெரிய எழுத்தில் போட வேண்டும். இதைப் புகழுக்காகக் கேட்கிறேன் என்று நினைத்தால் நினையுங்கள், புகழும் எனக்கு வேண்டியதுதான். ஆனால் ஒன்று. இருட்டுக்குள்ளிருந்து பதில் சொன்னவனுடைய பெயர் தெரியாமல் ஒரு மனிசி ஆயுள் முழுக்க வாசலில் நின்று காது கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை அப்படி நடக்கக்கூடாது. பதில் சொன்னவன் ஆர் என்று எழுதுங்கள்.